மாரப்பனின் செருமல்

அந்தக் கரண்டுப் பேனலு கதவத் தொறந்துறாதீங்க அம்மிணி. சித்த பொறுங்க. மெயின எறக்கிப்போட்டேன், ஆனாலும் மோட்டார ஓட்டற டிரைவுக்குள்ள கரண்டு தேங்கி நிக்கும். உங்களுக்குத் தெரியாததா? அந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க, செவப்பு லைட்டு மினுக்குது. அது அணைஞ்சு, அதுக்கப்பறமும் கொஞ்ச நேரம் விட்டுத்தான் நாங்க உள்ள கைய வெக்கறது. உக்காருங்க. சாக்கு மேல வேண்டாம், புண்ணாக்குத் தூளு ஒட்டிக்கும். ஸ்டூல எடுத்துப் போடறேன்.

கோயமுத்தூர்ல இருந்துதானுங்களே வர்றீங்க, கரண்ட வடிகட்டற பில்டர் கம்பெனியில இருந்து? ஆளு வருதுன்னு மொதலாளி சொன்னாரு. பொம்பளப் புள்ளைய அனுப்புவாங்கன்னு நெனைக்கல. தப்பா எடுத்துக்காதீங்க. என்ற மகளுக்கும் உங்க வயசுதான் இருக்கும். அவளுக்கு வர்ற மாசியில கண்ணாலம். அந்தக் கண்ணாலத்துனாலதான் எனக்கும் எங்கூட்டுக்காரிக்கும் பேச்சு இல்லாமக் கெடக்குது. அதுக்கும் இந்தத் தீவனம் கலக்கற மிக்சருக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறீங்க. இருக்குதுங்க. எல்லாம் கடைசியா இங்க வந்துதான் முட்டுது.

மொதலாளி உங்ககிட்ட என்ன சொன்னாரு? மிக்சரு தானா ஓடுது, வந்து பாருங்கன்னு மட்டும் சொல்லியிருப்பாரு. யாரு ஓட்டறான்னு சொல்லியிருக்க மாட்டாரு. வெளியூரு ஆளுகிட்டச் சொல்ல வெக்கம். நான் சொல்றேன். மாரப்பன் ஓட்டறான்.

சிரிக்காதீங்க அம்மிணி. இங்க வேல செய்யற யாரும் இப்பச் சிரிக்கறதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல இந்தக் கொட்டாய்க்குள்ள ஒருத்தரும் ஒத்தையில வர்றதில்லை. அந்த மிக்சர் மூடி மேல வெத்தலையும் பாக்கும் இருக்குது பாருங்க, அது மாரப்பனுக்கு வெக்கறது. அவன் வெத்தல போடாம ஒரு வேலையும் செய்ய மாட்டான். பூசாரிய வரச் சொல்லி எலுமிச்சங்காயெல்லாம் அறுத்துப் போட்டாச்சு. கேக்கல.

முழுசாச் சொல்றேன், கேளுங்க. நான் நாச்சிமுத்து. இங்க எலக்ட்ரீசியன்னா நாந்தான். பெரிய மொதலாளி காலத்துல இது வெறும் பெல்ட்டு மோட்டாரு ஓடற சின்ன மில்லு. அப்பப் புடிச்சு இங்கதான். மாட்டுத் தீவனம் அரைக்கறோம். தவுடு, புண்ணாக்கு, மக்காச்சோளம், உப்பு எல்லாத்தையும் இந்த மிக்சர்ல போட்டு, மேல மொலாசஸ ஊத்திக் கலக்கறது. சர்க்கரை மில்லுல இருந்து வருதே, கருப்பாப் பாகு, அதுதான். மாட்டுக்கு ருசி. எங்களுக்குக் கருமம். அந்த எழவு பாகு பிளேடுல எல்லாம் பொரை ஏறிக் கல்லாட்டம் ஒட்டிக்கும். வாரத்துக்கு ஒருக்கா ஆளு உள்ள எறங்கிச் சொரண்டோணும்.

அது ரெண்டு ஆளு வேலைங்க. ஒருத்தன் உள்ள, ஒருத்தன் பட்டன்கிட்ட. உள்ள எறங்குனவன் கைக்கு எட்டற வரைக்கும் சொரண்டுவான். அப்பறம் மேல ஏறிப் பலகையில நின்னுக்கிட்டு, "ம், சுத்து"ம்பான். இவன் பட்டன ஒரு தட்டு தட்டி நிறுத்துவான். பிளேடு அரைச் சுத்து சுத்தி அடியில இருந்தது மேல வரும். மறுக்கா அவன் உள்ள எறங்குவான். மெயின எறக்கறதுங்களா? எறக்கறதில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் மெயின எறக்கி ஏத்துனா, டிரைவு முழிச்சு எந்திரிக்கவே நேரமாகும். பொழுதுக்குள்ள வேல ஆகாது. எல்லா மில்லுலயும் இப்பிடித்தான். ஒருத்தன் மேல ஒருத்தன் வெக்கற நம்பிக்கைதான் அங்க மெயின் சுவிச்சு.

உள்ள எறங்கறவன் மாரப்பன். பட்டன்கிட்ட நிக்கறவன் கொழந்தவேலு. கொழந்தவேலு வேற யாருமில்லை, என்ற மச்சினன். எங்கூட்டுக்காரி தெய்வானைக்குக் கூடப் பொறந்த ஒரே தம்பி. நாந்தான் இங்க வேலைக்குச் சேத்துவுட்டேன். நல்ல பையந்தான். என்னைய அப்பனாட்டம் நெனைச்சான். "மாமா, மாமா"ன்னு என்ற பொறத்தாலயே சுத்துவான். அதத்தான் என்னால தாங்க முடியல.

லைட்டு இன்னும் எரியுதுங்களா? எரியட்டும்.

மொதல்ல இங்க டிரைவு இல்லீங்க. மோட்டார மெதுவாவும் வேகமாவும் ஓட்டோணும்னு சின்ன மொதலாளிதான் டிரைவு வாங்கி மாட்டச் சொன்னாரு. மாட்டுன அன்னைல இருந்து ஏழரை. எடை காட்டற பொட்டியில நம்பரு தாவுச்சு. மூட்டையே வெக்காம எடை காட்டும். கேட்டுல வாட்ச்மேன் ஒரு பழைய ரேடியோ வெச்சிருக்கான், அதுல பாட்டு வந்தா நடுவுல க்ர்ர், க்ர்ர்னு சத்தம். மிக்சரும் அப்பப்பத் தானா ஒரு குலுக்கு குலுக்கி நிக்கும். அதுக்குத்தான் உங்க கம்பெனியில இருந்து கண்ணாடி போட்ட ஒரு சாரு வந்தாரு. வந்து இந்தப் பில்டர மாட்டுனாரு.

வேல என்னமோ நல்லாத்தான் செஞ்சாரு. ஆனா ஒண்ணு, எனக்குப் புடிக்கல. பேனலுக்குள்ள மழுமழுன்னு இருந்த தகட்ட உப்புத்தாளு போட்டு ஒரு எடத்துல தேயி தேயின்னு தேச்சு, பெயின்ட்ட உரிச்சு, வெள்ளத் தகடு தெரியற மாதிரி பண்ணிப்போட்டாரு. சொறி புடிச்ச நாயி முதுகாட்டம். அது மேல பில்டர வெச்சு முடுக்குனாரு. ஏனுங்க சார் இப்பிடி அசிங்கமா இருக்குதுன்னு கேட்டேன். "அது அப்பிடியே வெறுந்தகடா இருக்கட்டும்"னாரு. அதோட பஸ்சுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு. படிச்சவங்க இப்பிடித்தான், வேலைய முடிச்சாச் செரி, அழகு முக்கியமில்லை.

ஆனா ஒண்ணு சொல்லோணும். பில்டர் போட்ட பொறவு சத்தம் நின்னு போச்சு. ரேடியோ தேனாட்டம் பாடுச்சு. எடைப்பொட்டி நம்பரு கல்லாட்டம் நின்னுச்சு. மிக்சரு ஒரு குலுக்குக் குலுக்கோணுமே, கெடையாது. அத நீங்க மனசுல வெச்சுக்கோங்க. பில்டர் போட்ட பொறவு இந்த மிக்சரு பட்டன் அமுக்காம ஓடுனதே இல்லை. ஏன் சொல்றேன்னா, பின்னால அதத்தான் நான் விசாரணையில சொன்னேன்.

அப்பறம் ஆயுத பூசை நோம்பி வந்துச்சு.

உங்க கம்பெனியில ஆயுத பூசைக்கு என்ன பண்ணுவீங்க? பொரிகடலையும் பொட்டும் வெச்சு முடிச்சுக்குவீங்களா? இங்க அப்பிடி இல்லீங்க. ஊருல நோம்பிக்குச் சொவுத்துக்கு வெள்ள அடிக்கற மாதிரி, நாங்க மெஷின் பூராப் பெயின்ட் அடிச்சுப்போடுவோம். மோட்டாருக்குப் பச்சை, பெல்ட்டு மூடிக்கு மஞ்சள், பேனலுக்குச் சாம்பக் கலரு. பேனலு மட்டும் நாந்தான். மத்தவங்கள விட மாட்டேன். பெரிய மொதலாளி இருக்கறப்ப வெள்ளத் துண்ட எடுத்துப் பேனல் மேல ஒரு இழுப்பு இழுப்பாரு. துண்டுல கறை பட்டுதுன்னா அன்னிக்கு எனக்குப் பொரிகடலை இல்லை. ஒரு தடவை கூட எனக்குப் பொரிகடலை இல்லாமப் போனதில்லை. "நாச்சிமுத்து பேனல்னா மொகம் பாத்துச் சீவிக்கலாம்டா"ம்பாரு.

அந்த வருசம் பேனலத் தொறந்தா, உள்ள அந்தச் சொறி கண்ணு முன்னால நிக்குது. மனசு கேக்குமுங்களா? பில்டரக் கழட்டுனேன். உப்புத்தாளு போட்ட எடத்துக்கு ரெண்டு கோட்டு அடிச்சேன். பில்டருக்கு அடிப்பக்கமும் வெள்ளையாத்தான் இருந்துச்சு, விட்டாத் துரு புடிக்கும், அதுக்கும் அடிச்சேன். நெழல்ல நல்லாக் காய வெச்சு, பழையபடி மாட்டி முடுக்கிப்போட்டேன். அடியில அடிச்சத யாரு பாக்கப் போறாங்கன்னு மாரப்பன் கேட்டான். ஒருத்தரும் பாக்காட்டியும் செய்யறதுதான்டா வேலைன்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன்.

ஏனுங்க எந்திரிச்சுட்டீங்க? லைட்டு இன்னும் அணையலீங்களே. உக்காருங்க.

பூசையில மாரப்பந்தான் சந்தனம் வெச்சான். எல்லா மெஷினுக்கும் வெச்சுட்டு, "இந்தப் பொட்டி புதுசு, இதுக்கும் வெப்போம்"னு மூணு வெரலு சந்தனத்துல தொட்டு அந்தப் பில்டர் மேல இழுத்தான். வெச்சுட்டு தொண்டையச் செருமுனான். அது அவன் பழக்கம். தவுட்டுத் தூளுலயே இருந்து இருந்து தொண்டை கட்டிக் கெடக்கும். என்ன பேசறதுக்கு முந்தியும் க்ர்ர்னு ஒரு செருமல். அவன் வர்றதே செருமலு வெச்சுத்தான் தெரியும்.

நோம்பி முடிஞ்சு மில்லத் தொறந்த அன்னிக்கு, மிக்சரப் போட்டதும் கேட்டுல ரேடியோ க்ர்ர்னுச்சு.

அதுதானுங்க எனக்கு இன்னிக்கும் ஒடம்பு சிலுக்கற சமாச்சாரம். மாரப்பன் அப்ப உசுரோட இருக்கறான், என்ற பக்கத்துல நிக்கறான். ரேடியோவுல அவன் செருமல். அச்சு அசலா அதே செருமல். சாவு நெருங்குனா ஆவி முன்னாலயே பொறப்பட்டு சுத்தும்பாங்களே, அது நெசம். முன்கூட்டியே சொல்லுச்சு. எனக்குத்தான் புரியல. வாட்ச்மேன் "அண்ணா, ரேடியோ மறுக்காக் கெட்டுப் போச்சு"ன்னான். பேட்டரிய மாத்துடான்னேன்.

என்னுங்க? அதுக்கு முந்தியா? பில்டர் போட்டதுல இருந்து நோம்பி வரைக்கும் ரேடியோ நல்லாப் பாடுச்சுன்னுதானே சொன்னேன். நோம்பிக்கு அப்பறந்தான் செருமுச்சு. ஏன் மறுக்கா மறுக்காக் கேக்கறீங்க? எடைப்பொட்டியும் அப்பத்தான் தாவ ஆரம்பிச்சுது. மாரப்பன் அது மேலயும் ஏறி உக்காந்துட்டான்னு அப்பறமாப் பேசிக்கிட்டாங்க.

அந்த வாரம் சொரண்டற நாளு வந்துச்சு. நான் அக்கட்ட அரவை மோட்டாருக்குக் கார்பன் மாத்திட்டு இருந்தேன். மிக்சரு ஓடற சத்தம் எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். சொரண்டற நேரத்துல ஒரு தட்டு தட்டுனா டக்குனு நிக்கோணும். நிக்கல. ஓடுச்சு. எந்திரிச்சு ஓடியாந்து மெயினப் புடுங்குனேன். அதுக்கு மேல அதச் சொல்ல மாட்டேன் அம்மிணி. நீங்க சின்னப் புள்ள.

கொழந்தவேலு அந்தப் பட்டனுக்குப் பக்கத்துல நின்னுட்டு இருந்தான். ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டு நின்னான். போலீசப் பாத்தவனாட்டம். "மாமா, நான் தொடல. மாமா, நான் தொடல." அதத் தவிர வேற பேச்சு வல்ல. கையக் கீழ எறக்கறதுக்கே நாங்க ரெண்டு பேரு புடிச்சோம்.

விசாரணைக்கு வந்த ஆபீசர் என்னையக் கூப்புட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "இது தானா ஓடுமா?" நான் என்ன சொல்லட்டும்? பில்டர் போடறதுக்கு முந்தின்னா ஓடும். பில்டர்தான் இருக்குதே. நாந்தானே நோம்பிக்குக் கூடக் கழட்டித் தொடச்சு மாட்டுனேன். "ஓடாதுங்க சார். பட்டன் அமுக்காம ஓடாது. இது என்ற பேனலு"ன்னேன். ஒரு பக்கம் மச்சினன் நிக்கறான், ஆனா நெசத்தத்தானே சொல்லோணும். சொந்தக்காரனுக்காகப் பொய் சொன்னான் நாச்சிமுத்துன்னு ஊரு பேசறதுக்கா நான் இத்தன வருசம் மொகம் பாக்கற மாதிரி பேனல் வெச்சேன்?

அவனுக்கு வேல போச்சு. கேசு இன்னும் நடக்குது. மாரப்பன் பொண்டாட்டி பழனாத்தா நடு ரோட்டுல அவன் மேல மண்ண வாரித் தூத்துனா. அவன் தலைய உதறக்கூட இல்லை. அந்த மண்ணோடயே போயி மாகாளியம்மன் கோயல்ல கப்பூரத்தக் கொளுத்தி வலது உள்ளங்கையில வெச்சான். எரிய எரியக் கைய மூடி அணைச்சான். "நான் அமுக்கல ஆத்தா"ன்னு சத்தியம் பண்ணுனான். கை வெந்து போச்சு. இப்ப நால்ரோட்டுல ஒரு தேங்காக் களத்துல தேங்காப் பருப்பு காய வெக்கற வேலைக்குப் போறான். அன்னைல இருந்து ஒரு சுவிச்சத் தொடறதில்லையாம். ஊட்டுல லைட்டு, ஃபேனு எல்லாம் அவன் பொண்டாட்டிதான் போடோணும். அவ இல்லீன்னா இருட்டுலயே உக்காந்திருப்பானாம்.

பண்ணுன தப்பு உறுத்துது, வேற என்ன?

தெய்வானை அத ஒத்துக்க மாட்டேங்கறா. "எந்தம்பி கப்பூரம் அணைச்சுட்டான். நீயும் போயி அணை, பாக்கலாம்"ங்கறா. நான் எதுக்கு அணைக்கோணும்? எனக்குப் பேனலு சாட்சி. இப்ப மகளுக்குக் கண்ணாலம். மணவறையில புள்ள நெத்தியில பட்டம் கட்டறது தாய்மாமன். அவனுக்கு மேல ஒறவு ஏது? தெய்வானை வெத்தலபாக்குத் தட்டத் தொடச்சுத் தொடச்சு வெச்சுட்டு வாசலப் பாத்து உக்காந்திருக்கறா. ரெண்டு பேருமாப் போயி மொறையாக் கூப்புடோணுமாம். நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரன் இல்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். "கை தவறிப் பட்டுருச்சு மாமா"ன்னு ஒரு தடவ, என்ற காதுல மட்டும் சொல்லட்டும், அந்த நிமிசமே தட்டத் தூக்கிட்டு வர்றேன்னேன். வேணும்னே செஞ்சான்னா சொல்றேன்? கை தவறாதுங்களா மனுசனுக்கு? அதச் சொல்ல மாட்டேங்கறான். எத்தன திண்ணக்கம், எத்தன கொழுப்பு பாருங்க. மகளோ என்ற மூஞ்சியவே பாக்கறா. அதுதான் எனக்கு ஆக மாட்டேங்குது.

மில்லு கொஞ்ச காலம் மூடிக் கெடந்து அப்பறந்தான் தொறந்தோம். இப்ப மெயின எறக்கித்தான் சொரண்டறது. ஒரு மத்தியானம் எல்லாரும் வேப்ப மரத்தடியில சோறு திங்கறோம். உள்ள மிக்சரு ஓடுது. ஒருத்தரும் இல்லை உள்ள. போட்ட சோத்த அப்பிடியே வெச்சுட்டு ஆளுக ஓடுனாங்க. அப்பறம் மறுக்கா ஒரு நாளு. மறுக்கா. அப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, மாரப்பன் போகலைன்னு.

நீங்க கேக்க வர்றது எனக்குத் தெரியுது. இப்பத் தானா ஓடுதே, அன்னிக்கும் தானா ஓடியிருக்கலாமேன்னு. தெய்வானையும் இதத்தான் கேட்டா. ரோசனை பண்ணிப் பாருங்க. இப்ப ஓட்டறது மாரப்பன் ஆவி. அன்னிக்கு மாரப்பன் செத்தா இருந்தான்? உசுரோட உள்ள இருந்தான். அப்ப ஓட்டறதுக்கு ஆவி ஏது? அன்னிக்கு அங்க இருந்தது கொழந்தவேலு வெரலு ஒண்ணுதான். இது சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்.

மாரப்பங்கிட்டயே நான் கேட்டுட்டேன் அம்மிணி. இத வெளிய யாருகிட்டயும் சொன்னதில்லை. பொழுதோட வாட்ச்மேன் டீ குடிக்கப் போவான். மிக்சரு ஓடிட்டு இருக்கும். மிக்சரு ஓடும்போதுதான் ரேடியோவுல மாரப்பன் சத்தமாப் பேசுவான், நின்னுட்டா லேசா முனகுவான். நான் போயி அந்த ரேடியோகிட்டக் குந்தி உக்காந்து, "ஏன்டா மாரப்பா, கொழந்தவேலுதானே அமுக்குனான்?"னு கேப்பேன். க்ர்ர்ம்பான். ஆமான்னு ஒரு வார்த்தை அதுல இருக்குதான்னு காத வெச்சுக் கேப்பேன். மறுக்காக் கேப்பேன். க்ர்ர். ஒரு நாளைக்கு ஆமாங்கற மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு அழுகற மாதிரி இருக்கும். தெனமும் போறனுங்க. போகாட்டித் தூக்கம் வர்றதில்லை.

லைட்டு அணைஞ்சு போச்சு. இன்னும் கொஞ்சம் விடுங்க. ம். இப்பத் தொறக்கலாம். இருங்க, நான் தொறக்கறேன்.

பாருங்க. ரெண்டு வருசமா இந்தப் பேனலுக்கு நான் பெயின்ட் அடிக்கல. போன நோம்பிக்கும் தொட மனசு வல்ல. அப்பிடியும் எப்பிடி இருக்குது பாருங்க. அந்தாங்க, பில்டர் மேல. மூணு கோடு தெரியுதுங்களா? அது மாரப்பன் வெரலு. சந்தனம் காஞ்சு அப்பிடியே நிக்குது. அது மேல கை படாமப் பாத்துக்குங்க.

கழட்டோணுமா? அதுல ஒண்ணும் இல்லீங்களே. செரி, கழட்டுங்க. ஸ்பானர் இந்தாங்க. நட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பெயின்ட் ஏறியிருக்கும்.

பாத்தீங்களா? அடியில கூட எப்பிடி இருக்குதுன்னு பாத்தீங்களா? ஒரு பொட்டுத் துரு இல்லை. ரெண்டு கோட்டு. பில்டர் அடியும் பாருங்க, முட்டை ஓடாட்டம். இன்னிக்கு இப்பிடி யாரு அடிக்கறாங்க? அந்தக் கண்ணாடி சாரு விட்டுட்டுப் போன கோலத்துக்கும் இதுக்கும் எத்தன வித்தியாசம்.

ஏனுங்க நகத்துல சொரண்டிப் பாக்கறீங்க?

உப்புத்தாளா? எதுக்கு? இருக்குது, அந்த டப்பாவுல இருக்குது. எதுக்குன்னு சொல்லுங்க. நல்லா இருக்கற பெயின்ட்ட ஏன் தேய்க்கோணும்?

மெதுவாச் சொல்லுங்க அம்மிணி. எனக்குக் காது கேக்கும், மனசுலதான் ஏற மாட்டேங்குது. டிரைவு துப்பற அழுக்கக் கரண்டுல இருந்து இந்தப் பொட்டி புடிக்குது. செரி. புடிச்சத இந்தத் தகடு வழியாத்தான் மண்ணுக்கு எறக்குது. செரி. இரும்பும் இரும்பும் வெறும் மூஞ்சியாத் தொட்டாத்தான் எறங்கும். நடுவுல பெயின்ட் இருந்தா எறங்காது.

பச்ச ஒயரு இருக்குதே. எர்த்து ஒயரு. அது நான் கழட்டல.

அது ஆளுக்கு ஷாக் அடிக்காம இருக்கறதுக்கா. இந்த அழுக்குக்கு அந்த ஒயரு பத்தாதா. அப்பப் பில்டர் இருந்தும் இல்லாத மாதிரியா? எறங்க எடமில்லாம அந்த அழுக்கு பட்டனுக்குப் போற ஒயர்ல ஏறிக்குமா? ஏறுனா, டிரைவுக்குப் பட்டன அமுக்குன மாதிரியே தோணுமா?

ஒருத்தரும் அமுக்காமயேவா.

கொடுங்க. உப்புத்தாள இங்க கொடுங்க. நீங்க வேண்டாம். இது என்ற பேனலு, நாந்தான் தேய்ப்பேன்.

நீங்க சொல்றது பூரா நெசமுன்னு நான் ஒத்துக்கல. நீங்க ஒண்ணும் அன்னிக்கு இங்க இல்லை. ஒரு டப்பாப் பெயின்ட்டுக்கு இத்தன நடக்குமா? நோம்பிக்கு அடிச்சதுங்க. சாமிக்கு அடிச்சது. கையக் கழுவிட்டுத்தான் அடிச்சேன். தேச்சுப் பாக்கறேன். தேச்சு மாட்டி, மிக்சரப் போட்டு, ரேடியோவக் கேட்டா மாரப்பன் செருமுவான். அப்ப நீங்களே சொல்லுங்க.

போதுமுங்களா? இன்னும் கொஞ்சம் ஓரத்துல தேய்க்கறேன். பில்டர் அடியையும் கொடுங்க. மேல தொடாதீங்க, சந்தனம்.

மாட்டியாச்சு. வெள்ளையும் வெள்ளையும் ஒட்டியாச்சு. கதவ மூடறேன். தள்ளி நில்லுங்க, மெயினப் போடறேன்.

மிக்சரு ஓடுது. வாங்க கேட்டுக்கு. வேகமா வாங்க அம்மிணி. டேய் வாட்ச்மேன், ரேடியோவ வைடா. சத்தமா வை.

இன்னும் சத்தமா வை.

மாரப்பா. டேய் மாரப்பா.

பாட்டுத்தான் வருது.

எத்தன தெளிவா வருது பாருங்க. தபேலா தனியாக் கேக்குது. நோம்பிக்கு மொத நாளு வரைக்கும் இப்பிடித்தானுங்க பாடிட்டு இருந்துச்சு. இதே ரேடியோ. இதே மாதிரி. க்ர்ர்னு அவன் எத்தன நாளாச் சொல்லிட்டு இருந்திருக்கான், நான் தெனமும் வந்து உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தேன். நான் கேட்டது ஒண்ணு, அவன் சொன்னது ஒண்ணு.

நிறுத்துடா அத. நிறுத்து. கேக்க முடியல.

அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். நீங்க திரும்பிப் போற வழியில நால்ரோடு வரும். எடது கைப் பக்கம் பெரிய தேங்காக் களம். கொழந்தவேலுன்னு கேட்டாக் காட்டுவாங்க. வண்டிய நிறுத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருங்க. மெஷின்ல கோளாறு இருந்துச்சு, கண்டு புடிச்சாச்சுன்னு. அது போதும். பெயின்ட்டுன்னு சொல்ல வேண்டாம். மொதலாளிகிட்டயும் பில்டர் கொஞ்சம் லூசா இருந்துச்சுன்னு சொன்னாப் போதும். நான் நல்ல நாளாப் பாத்து, வெள்ளிக்கெழம, தட்டெல்லாம் எடுத்துட்டு மொறையாப் போயிக் கூப்புட்டுக்கறேன். வெறுங்கையோட போறது மொற இல்லீங்களே.

ஏன் அப்பிடிப் பாக்கறீங்க? என்ற மகளாட்டமே பாக்கறீங்க.

ரெண்டு வருசமா அவன் இருட்டுல உக்காந்திருக்கறானுங்க. ஒரு சுவிச்சுக்குப் பயந்துட்டு. நான் அதையும் தப்புப் பண்ணுனவன் பயம்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். கைய மேல தூக்கிட்டே நின்னான் அம்மிணி. வந்து பாத்ததே நாந்தான். தூக்குன கை எப்பிடி அமுக்கும்னு எனக்கு அன்னைக்கே தோணியிருக்கோணும். தோணல. பேனலத்தான் பாத்தேன்.

இருங்க, வண்டிய எடுத்துறாதீங்க. கையப் பாருங்க, பூராச் சாம்பத் தூளு. கழுவிட்டு வந்தர்றேன்.

இல்லை. வேண்டாம். இப்பிடியே வர்றேன். அவன் பாக்கட்டும்.

வழியில எங்கூட்டு வாசல்ல ஒரு நிமிசம் நிறுத்தோணும். தெய்வானை தட்டோட உக்காந்திருப்பா. வண்டியில ரெண்டு பேருக்கு எடம் இருக்குதுங்களா?